குவில்டிங் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு: அடுத்த ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் முன்

குவில்டிங் வகுப்புகளை நடத்தும் மையங்கள், சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

துணித் துண்டுகளை இணைத்து, அடுக்கித் தைத்துப் போர்வையாக்கும் இந்த குவில்டிங் வகுப்புகளில் மாணவியாக உட்கார்ந்தவள், பிறகு சில ஆசிரியர்களுக்கு உதவியாளராகப் பக்கத்தில் நின்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஆசிரியர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அவர்களை நீங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

புது ஆசிரியர் வேண்டும் என்றதும் நீங்கள் கேட்பது அவர் தைத்த குவில்ட்டுகளின் படங்களை. எந்தப் போட்டியில் என்ன பரிசு என்று விசாரிக்கிறீர்கள். படங்கள் அழகாக இருந்தால் ஆள் முடிவாகிவிடுகிறார். அவருக்குத் தைக்கத் தெரியும் என்பதை அந்தப் படங்கள் காட்டும், சரி. அடுத்த மேஜையில் ஒருத்தியின் பிளாக் (துண்டுகளை இணைத்துத் தைத்த சதுரம்) ஏன் கோணிக்கொண்டது என்று அவருக்குக் கண்டுபிடிக்கத் தெரியுமா? அதை எந்தப் படமும் சொல்லாது.

இந்த வேலையின் குணம் அப்படி. ரவிக்கையோ சட்டையோ தைத்தால், போட்டுப் பார்த்ததும் எங்கே பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். குவில்டிங்கில் தப்பு ஓரிடத்தில் நடக்கும். கண்ணில் படுவது மூன்று நான்கு படி தாண்டித்தான். வெட்டும்போது விட்டது, துண்டுகளை இணைத்துப் பிளாக் ஆக்கும்போது தெரியும். இஸ்திரி போடும்போது விட்டது, வரிசைகளைச் சேர்க்கும்போது தெரியும். பார்டர் தைக்கும்போது விட்டதோ, மேல்துணி, நடுவில் பேட்டிங் என்ற பஞ்சு விரிப்பு, அடித்துணி என்று மூன்றையும் அடுக்கித் தையல் ஓட்டும்போதுதான் அலை அலையாக எழும்பி நிற்கும். அதனால், கண்ணில் படும் கோளாறிலிருந்து அது பிறந்த இடத்துக்குப் பின்னோக்கிப் போகத் தெரிந்தவரைத்தான் நான் நல்ல குவில்டிங் ஆசிரியர் என்பேன். மற்றத் தகுதிகள் எல்லாம் எனக்கு இதற்கு அப்புறம்தான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். தையலுக்கு விடும் துணி கால் இன்ச். ஒரு மாணவி அதைவிட 1/16 இன்ச் கூடுதலாகப் பிடித்துத் தைக்கிறாள். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். ஆனால் ஒரு தையலில் இரண்டு துண்டுகள் சேர்வதால், ஒவ்வொரு தையலும் 1/8 இன்ச்சை விழுங்கிவிடும். ஒன்பது சதுரம் கொண்ட பிளாக்கில் ஒரு வரிசைக்கு உள்ளே இரண்டு தையல். ஆக, பிளாக் கால் இன்ச் குறையும். அப்படிப் பத்து பிளாக்கைப் பக்கவாட்டில் இணைத்தால் மொத்தம் 29 தையல். மூன்றரை இன்ச்சுக்கும் மேல் காணாமல் போயிருக்கும். அதே தப்பை எல்லா பிளாக்கிலும் ஒரே மாதிரி செய்தவள் தப்பித்துவிடுவாள். அவளுடைய குவில்ட் கொஞ்சம் சின்னதாக வரும், அவ்வளவுதான். ஒரு பிளாக்கில் கூடவும் ஒன்றில் குறைவாகவும் பிடித்தவளுக்குத்தான் எந்த மூலையும் எந்த மூலையோடும் சேராது. அவள் என்ன நினைப்பாள் தெரியுமா? தனக்குக் கை வராது என்று நினைப்பாள். அடுத்த வாரம் வரமாட்டாள்.

இதை முதல் அரை மணி நேரத்திலேயே பிடித்துவிட எளிய வழி உண்டு. ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, பக்கம் பக்கமாகத் தைத்து, தேய்த்து, அளக்க வேண்டும். மொத்தம் மூன்றரை இன்ச் வர வேண்டும், நடுப்பட்டை சரியாக ஒரு இன்ச் இருக்க வேண்டும். வரவில்லையா, ஊசியின் இடத்தையோ துணி ஓடும் கோட்டையோ ஒரு நூலளவு நகர்த்திவிட்டு மறுபடி தைத்துப் பார்க்க வேண்டும். மடிப்பே கொஞ்சம் துணியைத் தின்னும் என்பதால், சரியான கால் இன்ச்சைவிட ஒரு நூல் குறைத்துப் பிடித்தால்தான் அளவு சரியாக வரும் என்பதும் இந்தப் பட்டைகளிலேயே புரிந்துவிடும். நான் பார்த்த நல்ல ஆசிரியர்கள் யாரும் இதைச் செய்யாமல் முதல் பிளாக்கைத் தொடவிட்டதில்லை. படத்தில் அழகான குவில்ட் காட்டியவர்களில் பலர், "கால் இன்ச் பிடிங்க" என்று சொல்லிவிட்டு நேராக வடிவத்துக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்குக் கை பழகிவிட்டது. பழகாத கைக்கு என்ன தெரியாது என்பது அவர்களுக்கு மறந்துபோயிருக்கும்.

பின்னோக்கிப் போவது என்று சொன்னேனே, அது எப்படி நடக்கும் என்பதை ஒரு தடவை கிட்டத்தில் நின்று பார்த்தேன். நட்சத்திர பிளாக். எல்லா முனையும் தையலுக்குள் மாட்டி மொட்டையாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அழுகை வராத குறை. ஆசிரியர் பிளாக்கை வாங்கியதும் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, திருப்பிப் போட்டார். ரூலரை வைத்துத் தையலுக்கு விட்ட துணியை அளந்தார்: சரியாகக் கால் இன்ச். மிச்சம் இருந்த, இன்னும் தைக்காத சதுரங்களை அளந்தார்: அதுவும் சரி. வெட்டியதிலும் தப்பில்லை, தைத்ததிலும் தப்பில்லை. பிறகு பிளாக்கை மேல்பக்கமாகத் திருப்பி, இரண்டு பெருவிரலாலும் ஒரு தையலை மெல்ல விரித்தார். தையல் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மெல்லிய மடிப்பு திறந்துகொண்டது, உள்ளே துணியின் நிறம் கொஞ்சம் புதுசாக இருந்தது. முழுதாக விரியாத துணியின் மேல் இஸ்திரிப் பெட்டியை அழுத்தியிருக்கிறாள். ஒவ்வொரு தையலிலும் ஒரு மில்லிமீட்டர் அந்த மடிப்புக்குள் போய்விட்டது. "நீங்க நல்லாத்தான் தைச்சிருக்கீங்க. தையல் எதையும் பிரிக்க வேண்டாம்" என்றார் ஆசிரியர். இஸ்திரிப் பெட்டியை அவள் கையில் கொடுத்து, முதலில் தைத்தபடியே மூடி வைத்து ஒரு அழுத்து, அப்புறம் மேல்துணியைத் திறந்து பெட்டியின் ஓரத்தால் தையலை ஒட்டி ஒரு அழுத்து என்று சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எல்லாத் துண்டும் சேர்ந்து முடிந்துவிட்ட அந்த பிளாக்கில் முனைகளை மீட்க முடியவில்லை. ஆனால் அடுத்த பிளாக்கை அவள் யாரையும் கூப்பிடாமல் முடித்தாள்.

அதே பிளாக்கை இன்னொரு வகுப்பில் கொண்டுபோயிருந்தால், ஆசிரியர் தையல் பிரிக்கும் கருவியை எடுத்துக் கொடுத்து "பிரிச்சுட்டுத் திரும்பத் தைங்க" என்றிருப்பார். அவள் பிரித்துத் தைத்து, அதே மாதிரி தேய்த்து, அதே மொட்டை முனைகளோடு திரும்ப வந்திருப்பாள்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. "கொஞ்சம் எழுந்திருங்க" என்று மாணவியை எழுப்பிவிட்டு, ஆசிரியரே அவள் நாற்காலியில் உட்கார்ந்து தைத்துக் கொடுப்பது. மாணவிக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாகத்தான் இருக்கும். வகுப்பு முடிவில் நீங்கள் கொடுக்கும் கருத்துப் படிவத்தில் "ரொம்ப அன்பானவர்" என்று எழுதுவாள். வீட்டுக்குப் போனபின் அவளுடைய குவில்ட்டில் ஆசிரியர் தைத்த மூலை மட்டும் தனியாகப் பளிச்சென்று தெரியும். செய்து காட்டத்தான் வேண்டும் என்றால் வேறொரு துண்டுத் துணியில் காட்டட்டும். மாணவியின் வேலையில் மாணவியின் கைதான் பட வேண்டும்.

காரணம் சொல்லத் தெரிய வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்கிறேன். "தையலை அடர்ந்த நிறத் துணிப் பக்கம் மடிங்க" என்பது விதி. வெளிர் துணிக்கு அடியில் அடர்ந்த நிறம் நிழலாகத் தெரியாமலிருக்க என்பது காரணம். அடுத்தடுத்த வரிசைகளின் தையல்களை எதிரெதிர்ப் பக்கம் மடித்தால் இணைக்கும் இடத்தில் ஒன்றோடொன்று உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும் என்பது இன்னொரு காரணம். சில சமயம் இந்த இரண்டு காரணமும் மோதும். விதியை மட்டும் கற்றவள் அங்கே திகைத்து நிற்பாள். காரணம் தெரிந்தவள் எது முக்கியம் என்று தானே முடிவெடுத்துக்கொள்வாள்.

இரண்டு முக்கோணம் சேர்ந்து ஒரு சதுரமாகும் அரைச் சதுர முக்கோணமும் அப்படித்தான். தைத்து முடிந்தபின் வர வேண்டிய அளவோடு 7/8 இன்ச் கூட்டி இரண்டு சதுரம் வெட்டி, ஒன்றன் மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை குறுக்காகக் கோடு போட்டு, கோட்டின் இரு பக்கமும் கால் இன்ச்சில் தைத்து, கோட்டின் மேல் வெட்டினால் இரண்டு பிளாக் கிடைக்கும். புத்தகக் கணக்கு இது. வகுப்பறை தெரிந்த ஆசிரியர் 7/8 வேண்டாம், ஒரு இன்ச்சே கூட்டுங்கள் என்பார். மூன்று இன்ச் வேண்டுமென்றால் நான்கு இன்ச் சதுரம் வெட்டி, தைத்து, தேய்த்து, கடைசியில், சுற்றிலும் தையலுக்கு விடும் கால் இன்ச்சையும் சேர்த்து, மூன்றரைக்குச் செதுக்கிக்கொள்ளலாம். கொஞ்சம் துணி வீணாகும். மாணவியின் தைரியம் மிஞ்சும். கிராஸாக வெட்டிய ஓரம் இழுபடும், அதனால் அந்த ஓரத்தின் மேல் இஸ்திரியை முன்னும் பின்னும் ஓட்டாமல் வைத்து எடுக்க வேண்டும் என்பதையும் அவர் அங்கேயே சொல்லிவிடுவார், துணி இழுபட்டு முடிந்த பிறகு அல்ல.

இவ்வளவு அளவுக் கணக்கு பேசிவிட்டேன், உடனே எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். துல்லியம் எங்கே வேண்டாம் என்று தெரியாதவரும் நல்ல ஆசிரியர் இல்லை. அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள், பழைய வேலை உடுப்புகளையும் கிடைத்த துணிகளையும் வைத்துத் தலைமுறை தலைமுறையாகத் தைத்த குவில்ட்டுகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், தொடர்ந்து நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. நேர்கோடு வளைந்திருக்கும், பட்டைகள் ஒரே அகலத்தில் இருக்காது. பார்த்தவர்கள் வியந்து நின்றார்கள். அம்மாவிடமும் பாட்டியிடமும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும் பார்த்துக் கற்ற வேலை அது. ஒரு மாணவி அந்த மாதிரி தைக்க ஆசைப்பட்டு வந்தால், ரூலரை நீட்டி அவளை மடக்குவது பாடம் ஆகாது. அப்படித் தைத்தாலும் கடைசியில் குவில்ட் தட்டையாகப் படுக்க வேண்டும், துவைத்தால் தையல் விடக்கூடாது. அந்த இரண்டுக்கும் என்ன வேண்டுமோ அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். நட்சத்திர முனை கூராக வர வேண்டும் என்று கேட்பவளுக்கோ, "பரவாயில்லை, கையால் செய்தது அப்படித்தான் இருக்கும்" என்று ஆறுதல் சொல்லி அனுப்பக்கூடாது. அவள் கேட்டது வழி.

நிறத்தில் இந்த ஒதுங்கல் இன்னும் கஷ்டம். எல்லா மாணவியும் ஆசிரியருக்குப் பிடித்த நிறங்களிலேயே தைத்து வைத்திருக்கும் வகுப்புகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வகுப்புக் கடைசியில் எடுக்கும் குழுப் படம் நன்றாக வரும். ஆனால் அங்கே யாரும் நிறம் பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்ற வித்தியாசத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் போதும். துணிகளைப் பரப்பி, கைபேசியில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பார்க்கச் சொல்லலாம். சிவப்பும் பச்சையும் ஒன்றாகக் கலந்து மறைந்துபோவதைப் பார்த்ததும் மாணவியே வேறு துணி தேட ஆரம்பிப்பாள்.

மெஷினில் கையை ஓட்டித் தைக்கும் குவில்டிங்குக்குத் தனித் திறமை வேண்டும் என்று நினைக்கிறேன். துணியை நகர்த்தும் பற்களை இறக்கிவிட்டால் தையலின் நீளத்தை மெஷின் பார்த்துக்கொள்ளாது. கையின் வேகமும் மோட்டாரின் வேகமும் சேர்ந்துதான் அதை முடிவு செய்யும். பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுக்க முடியாத விஷயம் இது. இதில் தேர்ந்த ஒரு ஆசிரியர் வகுப்பில் சுற்றி வரும்போது துணியைப் பார்ப்பதைவிடச் சத்தத்தைத்தான் கவனிப்பார். மோட்டார் இரைந்து கை பயந்து நிற்கிறதா, கை ஓடி மோட்டார் பின்தங்குகிறதா என்று காதாலேயே தெரிந்துகொண்டு, அந்த மேஜைக்குப் போய் நிற்பார். முதல் நாளே மாணவியின் சொந்தக் குவில்ட்டை மெஷினில் ஏற்ற விடமாட்டார். பழைய துணியும் மிச்ச பேட்டிங்கும் வைத்து அடுக்கிய சின்னத் துண்டு ஒன்று போதும். அதற்கும் முன்னால் காகிதத்தில் பென்சிலை எடுக்காமல் வரையச் சொல்வார்.

பாதுகாப்பைப் பற்றி நீட்ட மாட்டேன். ஓல்ஃபா நிறுவனம் 1979இல் ரோட்டரி கட்டரை, அதாவது உருளும் வட்ட பிளேடு கொண்ட கட்டரை, கொண்டுவந்த பிறகு, கத்தரியால் நாள் முழுக்க வெட்டிய வேலை நிமிடங்களில் முடிகிறது. அதே பிளேடு விரலையும் அதே வேகத்தில் வெட்டும். கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் பிளேடை மூடுகிறாரா என்று ஆசிரியரின் கையைப் பாருங்கள். பேசிக்கொண்டே திறந்த கட்டரை மேஜையில் வைப்பவரை, அவர் எவ்வளவு பெரிய கலைஞரானாலும், தொடக்க வகுப்புக்கு அனுப்பாதீர்கள். இடதுகைப் பழக்கமுள்ள மாணவி வந்தால் ரூலரையும் துணியையும் மாற்றி வைத்துக் காட்டத் தெரிகிறதா என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

கதைகளைப் பற்றியும் ஒன்று. அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்கள் தப்பிப் போக வழிகாட்டும் சங்கேதமாக இன்ன பிளாக் கொண்ட குவில்ட்டை வாசலில் தொங்கவிட்டார்கள் என்று ஒரு கதையைப் பல வகுப்புகளில் சொல்கிறார்கள். 1999இல் வந்த ஒரு நூல் அதைப் பரவலாக்கியது. அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் இதற்கு இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் பல முறை எடுத்துக்காட்டிவிட்டார்கள். கதையாகச் சொன்னால் கேட்கச் சுவாரசியம்தான். வரலாறாகச் சொன்னால், அடுத்து அவர் சொல்லும் 7/8 இன்ச்சையும் நான் இருமுறை சரிபார்க்க வேண்டியிருக்கும். வேறொருவர் விற்கும் பேட்டர்னை நகலெடுத்து வகுப்பு முழுக்க விநியோகிப்பதும் இதே ரகம். அதை நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

அப்புறம் அந்தப் பொருள் பட்டியல். ஒரு மையத்தில் தொடக்க வகுப்புக்கே ஒரு பக்கம் நிறைய விசேஷ ரூலர்களை வாங்கி வரச் சொன்னார்கள். வகுப்பில் அவற்றில் பாதியை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. பட்டியல் போட்ட ஆசிரியரே அவற்றை விற்பவராகவும் இருந்தார். தொடக்கத்துக்கு ஒரு கட்டர், அதற்கு அடியில் வைக்க ஒரு மேட், ஒரு நீள ரூலர், புது ஊசி, நல்ல பருத்தி நூல் போதும். ஊசியின் அளவு 80/12 என்று எழுதிவிட்டால் குழப்பமில்லை. மெஷினோடு வந்த கையேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நிறைய பேருக்குத் தங்கள் மெஷினில் ஊசியின் இடத்தை மாற்றலாம் என்பதே தெரியாது.

இனி உங்களிடம் கேட்க வேண்டியவை.

தேர்வின்போது படங்களைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மேஜையில் இரண்டு மூன்று கோளாறான பிளாக்குகளையும் வையுங்கள். ஒன்றில் கோளாறு வெட்டியதில் இருக்கட்டும், ஒன்றில் தேய்த்ததில். அலை எழும்பிய பார்டர் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. "இதைத் தைத்தவருக்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். பார்டரைக் கையில் எடுத்ததும், "ஓரத்தை அளந்தாங்களா, இல்லை நீளப் பட்டையை அப்படியே தைச்சுக்கிட்டே போய் மிச்சத்தை வெட்டினாங்களா?" என்று கேட்பவர் உங்களுக்கு வேண்டிய ஆள். குவில்ட்டின் நடுவில் அளந்து, அந்த நீளத்துக்கு இரண்டு பட்டையை வெட்டி, நடுவையும் முனைகளையும் முதலில் பின் குத்திக்கொண்டு தைத்தால் அலை வராது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். "கவனமாத் தைக்கச் சொல்லணும்" என்று மட்டும் சொல்பவருக்கு மரியாதையாக நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

தொடக்க வகுப்பைப் புது ஆசிரியருக்கும் உயர்நிலை வகுப்பை மூத்தவருக்கும் கொடுக்கும் வழக்கத்தைத் தலைகீழாக்குங்கள். உயர்நிலை மாணவிக்குத் தன் தப்பைத் தானே தேடத் தெரியும். தப்பு எங்கே பிறந்தது என்று யாராவது சொல்ல வேண்டியது தொடக்கத்தில் இருப்பவளுக்குத்தான். அந்த வகுப்பில் ஆட்களைக் குறையுங்கள். ஒரே ஒரு இஸ்திரிப் பெட்டிக்கு முன் வகுப்பே வரிசையில் நின்றால் எந்த ஆசிரியராலும் ஒன்றும் செய்ய முடியாது. மாதிரிகளை ஒவ்வொரு படியிலும் நிறுத்தித் தைத்துக் கொண்டுவர ஆசிரியருக்கு வீட்டில் ஆகும் நேரத்துக்கும் சம்பளத்தில் இடம் கொடுங்கள்.

கடைசியாக, கருத்துப் படிவத்தை வகுப்பு முடிந்த மாலையில் வாங்காதீர்கள். ஆறு மாதம் கழித்து, "பைண்டிங் வரை முடித்தீர்களா?" என்ற ஒரே கேள்வியை அனுப்புங்கள். குவில்ட்டின் ஓரத்தைச் சுற்றிப் பட்டை வைத்துத் தைத்து மூடும் கடைசி வேலை அது. பெரும்பாலான வகுப்புகள் மேல்துணியோடு நின்றுவிடுகின்றன. மூலைக்குக் கால் இன்ச் முன்னால் தையலை நிறுத்தி, பட்டையை மேலே மடித்துக் கீழே இறக்கித் திருப்பும் அந்தச் சின்ன வித்தையை யாரும் பக்கத்தில் நின்று காட்டாததால், எத்தனையோ வீட்டு அலமாரிகளில் மேல்துணிகள் மடித்தபடியே கிடக்கின்றன. யாருடைய மாணவிகள் "முடித்துவிட்டேன்" என்று பதில் எழுதுகிறார்களோ, அவரை அடுத்த ஆண்டும் கூப்பிடுங்கள்.

தேர்வுக்கு வைக்கக் கோளாறான பிளாக்குகள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள். வகுப்புகளில் வேண்டாமென்று விட்டுப்போனவற்றை ஒரு பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறேன். எதில் என்ன கோளாறு என்று பின்பக்கம் சீட்டு குத்தியிருக்கும். தேர்வுக்கு முன்னால் சீட்டை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
பின்வரிசை மேஜையிலிருந்து ஒரு மாணவி